பத்து ஆராங் சொல்லும் பாடம்: நிலக்கரி போன பின் கணக்கைத் தீர்ப்பது யார்?

நிலக்கரியால் இயங்கும் மின் நிலையங்களை 2044-ஆம் ஆண்டுக்குள் முழுமையாக நிறுத்திவிடுவது என்பது மலேசிய அரசாங்கம் அறிவித்துள்ள இலக்கு. அதற்கு முன்பாக, 2035-க்குள் நிலக்கரிப் பயன்பாட்டைப் பாதியாகக் குறைக்க வேண்டும். புதிய நிலக்கரி மின் நிலையங்களுக்கு இனி அனுமதி இல்லை. சிலாங்கூர், காப்பாரில் உள்ள மின் நிலையத்தின் ஒப்பந்தம் 2029-இல் முடிவுக்கு வருகிறது. மஞ்சோங், தஞ்சோங் பின், ஜிமா ஆகியவை அடுத்தடுத்து வரிசையில் நிற்கின்றன.

இந்த இலக்கைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மெகாவாட், கார்பன், சூரிய சக்தி, மின் கட்டணம் என்ற வட்டத்துக்குள்ளேயே சுற்றி வருகிறது. நிலக்கரியை வெட்டியவர்கள், இன்றும் வெட்டிக் கொண்டிருப்பவர்கள், வெட்டி முடித்த மண்ணின் மேல் குடியிருப்பவர்கள் ஆகியோர் அந்தப் பேச்சில் இடம்பெறுவது அரிது.

நிலக்கரியை மூட்டை கட்டி அனுப்புவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. ஒரு முறை அதைச் செய்து முடித்திருக்கிறோம். அதன் விளைவைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. ரவாங்கிலிருந்து சற்றுத் தொலைவில்தான் பத்து ஆராங் இருக்கிறது.

ஊரின் பெயரிலேயே கரி

மலாயில் 'பத்து ஆராங்' என்றால் நிலக்கரி என்றே பொருள். 1908-இல் அங்கு நிலக்கரி இருப்பது தெரியவந்தது. 1913-இல் மலாயன் கொலியரீஸ் நிறுவனம் பதிவு பெற்றது. அதன் பின்னணியில் இருந்தவர் ஜே. ஏ. ரஸ்ஸல் என்ற தொழிலதிபர். 1915-இல் வெட்டுதல் தொடங்கி 1960 வரை, ஏறக்குறைய 45 ஆண்டுகள் சுரங்கம் இயங்கியது.

அந்தக் காலத்து மலாயாவின் சக்கரங்கள் சுழன்றதில் பத்து ஆராங் கரிக்குப் பெரும் பங்கு உண்டு. கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்கள் அதில் ஓடின. ஈய வயல்களுக்கும் மின் நிலையங்களுக்கும் அது சென்றது. குவாங் நிலையத்திலிருந்து பத்து ஆராங்குக்குத் தனியாக ஒரு ரயில் கிளைப் பாதையே போடப்பட்டது. செங்கல் சூளை, ஒட்டுப்பலகை ஆலை, மரத்தைக் காய்ச்சி வடிக்கும் ஆலை என்று சுரங்கத்தைச் சுற்றி ஒரு தொழில் நகரமே எழுந்தது.

மேற்பரப்பை அகழ்ந்தெடுக்கும் திறந்தவெளிச் சுரங்கமும், பூமிக்கடியில் குடைந்து செல்லும் சுரங்கமும் அங்கு இருந்தன. தொழிலாளர்களில் சீனர்கள் பெரும்பான்மையினர். இந்தியர்களும் மலாய்க்காரர்களும் உடன் உழைத்தனர். ரப்பர் காட்டில் பால் மரம் வெட்டிய நம்மவர்களின் கதை ஓரளவேனும் பதிவாகியிருக்கிறது. சுரங்கத்தையும் ரயில் பாதையையும் சூளையையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களின் கதை அந்த அளவுக்குக்கூட எழுதப்படவில்லை.

பத்து ஆராங் கரிக்கு ஒரு குணம் உண்டு. அது வயதில் இளைய, ஈரப்பதம் மிகுந்த ரகம். காற்றுப் பட்டால் மெல்லச் சூடேறி, தீக்குச்சி இல்லாமலே தானாகப் பற்றிக்கொள்ளும். குவித்து வைத்த கரியும் எரியும், சுரங்கத்தில் விட்டுவைத்த கரியும் எரியும். அடியில் வேலை செய்பவனுக்குத் தீ மட்டும் எதிரி அல்ல. தீ விழுங்கிவிடும் பிராணவாயுவும், அது கக்கும் நச்சுப் புகையும் அதைவிட விரைவாகக் கொல்லும்.

கங்காணிக்கு ஓர் அண்ணன்

வேலையின் ஆபத்து ஒரு பக்கம், வேலைக்கு அமர்த்திய முறை மறுபக்கம். அக்காலத்து மலாயாவில் சீனத் தொழிலாளர்களில் பெரும் பகுதியினர் நிறுவனத்தின் நேரடி ஊழியர்கள் அல்லர். குத்தகைக்காரரின் ஆட்கள். கூலி அவர் கை வழியாகவே வரும். தங்கும் கொங்சியும் சாப்பாட்டுச் செலவும் அதிலிருந்தே பிடிக்கப்படும். நிறுவனம் குத்தகைக்காரரிடம் டன் கணக்கில் பேசும்; குத்தகைக்காரர் தொழிலாளியிடம் நாள் கணக்கில் பேசுவார். இடையில் எவ்வளவு தங்கியது என்பது தொழிலாளிக்குத் தெரியாது. தோட்டத்தில் கங்காணி முறையைப் பார்த்த தமிழர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அந்த முறைக்கு எதிரான கோபம் 1936 நவம்பரில் முதல் வேலைநிறுத்தமாக வெடித்தது. 1937 மார்ச்சில் அது மீண்டும் வெடித்தபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சுரங்கத்தையே தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டனர். நுழைவாயில்களில் அவர்களே காவல் நின்றனர். காலனி அரசாங்கம் அதை ஒரு கூலித் தகராறாகப் பார்க்கவில்லை, கிளர்ச்சியாகவே பார்த்தது. காரணம் எளிது. ரயிலும் மின்சாரமும் ஈயமும் ஒரே குழியை நம்பியிருந்தன. அந்த மாத இறுதியில் காவல் படை உள்ளே புகுந்து சுரங்கத்தை மீட்டது. கைதுகள் நடந்தன.

அதே காலகட்டத்தில் சிலாங்கூரின் ரப்பர் தோட்டங்களிலும் வேலைநிறுத்தங்கள் பரவின. நான்கு ஆண்டுகள் கழித்து, 1941-இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றோர் முன்நின்ற தமிழ்த் தொழிலாளர் போராட்டத்தின்போது அரசாங்கம் துப்பாக்கியையே பதிலாகத் தந்தது. அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் ஒன்று, சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி. இன வாரியாகக் கூலியைப் பிரித்து வைத்தால் தொழிலாளர்கள் ஒன்று சேரமாட்டார்கள் என்ற கணக்கு சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் பொதுவாக இருந்தது.

ஜப்பானியர் ஆட்சியிலும் சுரங்கம் இயங்கியது. போருக்குப் பின் மீண்டும் தொழிலாளர் கொந்தளிப்பு எழுந்தது. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட சில வாரங்களிலேயே பத்து ஆராங் கம்யூனிஸ்டு ஆயுதக் குழுவின் தாக்குதலுக்கு உள்ளானது. ஆனால் சுரங்கத்தை இறுதியில் மூடியது துப்பாக்கி அல்ல, எண்ணெய். ரயில்வே டீசலுக்கு மாறியது. பெரிய வாடிக்கையாளர் போனதும் 1960-இல் கதவு சாத்தப்பட்டது.

மூடிய பிறகு தொடங்கிய கதை

நிறுவனம் போனது, ரயில் பாதை போனது, வேலை போனது. போகாமல் நின்றது நிலத்தடி வெற்றிடம்.

பூமிக்கடியில் கரியை வெட்டும்போது கூரை விழாமல் இருக்கக் கரித் தூண்களையே ஆங்காங்கே விட்டுவைப்பது வழக்கம். காலப்போக்கில் நீர் ஊறி, தூண் சிதைந்து, மேல்மண் மெல்லக் கீழே இறங்கும். அது எந்த ஆண்டு, எந்த வீட்டுக்கு அடியில் நடக்கும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பத்து ஆராங்கில் இன்றும் கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடுகள் இருப்பதற்கு இதுதான் அடிப்படைக் காரணம். ரவாங்கும் சுங்கை பூலோவும் அடுக்குமாடிகளும் தொழிற்பேட்டைகளுமாக வளர்ந்தபோது, ஒரு காலத்தில் மலாயாவுக்கே எரிபொருள் கொடுத்த ஊர் அந்த வளர்ச்சிக்கு ஓரமாக நின்றது.

கைவிடப்பட்ட அகழ்வுக் குழிகள் ஏரிகளாகிவிட்டன. சூளையின் புகைபோக்கியும் இடிந்த சுவர்களும் புகைப்படம் எடுக்க வருவோரை ஈர்க்கின்றன. பாரம்பரியச் சுற்றுலா என்ற பேச்சும் எழுகிறது. அதில் தவறில்லை. ஆனால் அழகாகத் தெரியும் அந்த ஏரிக்கு இன்னொரு பெயர் உண்டு: தீர்க்கப்படாத கடன். கரியை எடுத்து லாபம் பார்த்தவர்கள் 45 ஆண்டுகள் இருந்தார்கள். அதன் விளைவோடு மக்கள் வாழத் தொடங்கி 60 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

இது பத்து ஆராங்குக்கு மட்டும் நேர்ந்த விதி அல்ல. வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் கிராமத்தில் 1966 அக்டோபர் 21-ஆம் தேதி, மலைச்சரிவில் குவித்து வைத்திருந்த சுரங்கக் கழிவு சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் மாண்டனர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். விசாரணை மன்றம் தேசிய நிலக்கரி வாரியத்தின் மீது பழி சுமத்தியது. அதன் பிறகும், எஞ்சியிருந்த கழிவு மேடுகளை அகற்றும் செலவுக்காக, பாதிக்கப்பட்டோருக்கென்று பொதுமக்கள் அனுப்பிய நிதியிலிருந்து 1,50,000 பவுண்டு எடுக்கப்பட்டது. அந்தத் தொகை 1997-இல்தான், அதுவும் வட்டியின்றித் திருப்பித் தரப்பட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவனே குப்பையை அள்ளவும் பணம் கட்டினான்.

இந்தியாவின் ஜாரியாவில் 1916-இல் பற்றிய நிலத்தடித் தீ ஒரு நூற்றாண்டைக் கடந்தும் அணையவில்லை. அங்கு வாழும் குடும்பங்களை இடம் மாற்றும் பெருந்திட்டத்துக்கு 2009-இல் ஒப்புதல் கிடைத்தது. தரையிலிருந்து புகை வரும் இடத்தில் இன்னமும் மக்கள் குடியிருக்கிறார்கள். வேலை அங்கேதான் இருக்கிறது என்பதால் நகர மறுப்பவர்களும் உண்டு.

விபத்து செய்தியாகும், நுரையீரல் செய்தியாகாது

சுரங்கத் தொழில் என்றாலே வெடிப்பும் சரிவும்தான் நினைவுக்கு வரும். அது நியாயமே. 1906-இல் பிரான்சின் கூரியேரில் 1,099 பேர், 1942-இல் ஜப்பானியர் பிடியிலிருந்த சீனாவின் பென்சிஹூ சுரங்கத்தில் 1,549 பேர், 1975-இல் இந்தியாவின் சாஸ்னாலாவில் 370-க்கும் மேற்பட்டோர், 2014-இல் துருக்கியின் சோமாவில் 301 பேர் என்று பட்டியல் நீளும்.

கரிப் படுகையில் சிக்கியிருக்கும் மீத்தேன் வாயு வெட்டும்போது கசியும். காற்றில் அது ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். அந்த வெடிப்பு தரையில் படிந்த கரித்தூளைக் கிளப்பிவிட, தூள் அடுத்தடுத்து வெடித்துக்கொண்டே சுரங்கம் முழுவதும் ஓடும். காற்றோட்டம், வாயு அளவைக் கருவி, தூளின் மேல் சுண்ணாம்புக்கல் பொடி தூவுதல் ஆகிய மூன்றும் ஒழுங்காக இருந்தால் இதில் பெரும்பகுதியைத் தடுக்கலாம் என்பது நூறாண்டுகளாகத் தெரிந்த செய்தி. தடுக்கத் தெரியாமல் நடக்கும் விபத்து குறைவு. செலவுக்கு யோசித்ததால் நடப்பவைதான் அதிகம்.

ஆனால் விபத்தைவிட அமைதியாக, அதிகம் பேரைக் கொண்டுபோனது தூசு. கரித்தூசும், பாறையை வெட்டும்போது எழும் சிலிக்காத் தூசும் நுரையீரலில் தங்கி அதைத் தழும்பாக்கிவிடும். 'கறுப்பு நுரையீரல்' என்று சுரங்க ஊர்களில் இதற்குப் பெயர். மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் நோய் வளரும். இது பழங்கதை என்றே உலகம் நினைத்திருந்தது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் இந்நோய் ஒழிந்துவிட்டதாகப் பல ஆண்டுகள் நம்பியிருந்தது. 2015-இல் புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டனர். அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைப் பகுதியிலும் அது திரும்பியிருக்கிறது. தடித்த கரிப் படுகைகள் தீர்ந்துபோய், மெல்லிய படுகைக்காகப் பாறையையும் சேர்த்து இயந்திரம் அரைப்பதால் சிலிக்காத் தூசு கூடிவிட்டது. நடுத்தர வயதைத் தாண்டாத ஆண்களே மூச்சுக்குத் திணறுகிறார்கள்.

சரவாக் மாநிலம், ஸ்ரீ அமானில் 2014 நவம்பரில் நடந்த சம்பவத்தை இந்தப் பின்னணியில் நினைத்துப் பார்க்க வேண்டும். அங்குள்ள நிலத்தடிச் சுரங்கத்தில் ஏற்பட்ட வெடிப்பில் உயிரிழந்தவர்கள் வட கொரியா, மியன்மார், இந்தோனேசியா ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். மேலும் இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். மலேசிய மண்ணுக்கு அடியில் வட கொரியர்கள் கரி வெட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. குழிக்குள் இறங்க உள்நாட்டில் ஆள் கிடைக்காதபோது, பேரம் பேச முடியாதவர்களைக் கொண்டுவருவது 1915-இல் இருந்த வழக்கம். நூறாண்டு கழித்து மாறியது கடவுச்சீட்டின் நிறம் மட்டுமே.

அதன் பிறகு சட்டம் நகர்ந்திருக்கிறது. 2019 முதல் அந்நியத் தொழிலாளர்களும் சொக்சோவின் வேலையிடப் பேரிடர்த் திட்டத்துக்குள் வந்தனர். திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்து என்று நியாயமாகக் கருதும் தொழிலாளி அந்த இடத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையை அது தருகிறது. காகிதத்தில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் நுரையீரல் நோய் பத்து, இருபது ஆண்டுகள் கழித்து வரும். அதற்குள் அந்தத் தொழிலாளி பர்மாவிலோ ஜாவாவிலோ தன் கிராமத்துக்குத் திரும்பியிருப்பான். அவன் இருமல் எந்த அலுவலகத்தின் கணக்கிலும் ஏறாது.

சுவிட்சைத் தட்டினால் கலிமந்தான்

நாட்டின் மின் உற்பத்தியில் இன்றும் 40 விழுக்காட்டுக்கும் அதிகமானது நிலக்கரியிலிருந்து வருகிறது. தீபகற்ப மின் நிலையங்களுக்கான கரி கப்பலில் வருகிறது. பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து. 2024-இல் அந்நாடு 80 கோடி டன்னுக்கும் மேல் நிலக்கரி வெட்டியது. அதில் பெரும் பங்கு கலிமந்தானிலிருந்து வந்தது.

அங்கு நடப்பது திறந்தவெளி அகழ்வு. காட்டை அழித்து, மேல்மண்ணை வழித்து, கரியை அள்ளிய பின் எஞ்சுவது ஆழமான பள்ளம். சட்டப்படி அதை மூடி நிலத்தைச் சீரமைக்க வேண்டும். அதற்கென நிறுவனங்கள் முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டும். ஆனால் கிழக்குக் கலிமந்தானில், குறிப்பாக சமாரிண்டா நகரைச் சுற்றி, வேலியும் எச்சரிக்கைப் பலகையும் இல்லாத பள்ளங்கள் மழைநீர் நிரம்பிக் கிடக்கின்றன. அவற்றில் விழுந்து 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருப்பதாக ஜாத்தாம் என்ற சுரங்கக் கண்காணிப்பு அமைப்பு பதிவு செய்திருக்கிறது. பெரும்பாலோர் சிறுவர்கள். பள்ளி விட்டு வந்து குளிக்கப் போனவர்கள்.

நிலக்கரியின் உலகச் சந்தை விலை ஏறினால் அது மின் கட்டணத்தில் கூடுதலாகச் சேரும், இறங்கினால் கழிவாகத் திரும்பும் என்பது மலேசியர்களுக்குப் பழகிப்போன ஏற்பாடு. எரிபொருள் செலவைப் பயனீட்டாளரிடம் சேர்க்க ஒரு வழி கண்டுபிடித்தவர்களால், மூடாத பள்ளத்தின் செலவைச் சேர்க்க ஒரு வழி காண முடியவில்லை. மலிவான மின்சாரம் என்று சொல்லப்படுவது முழுச் செலவையும் காட்டாத மின்சாரம்.

2044-க்கு முன் கேட்க வேண்டியவை

நிலக்கரியை நிறுத்துவது நல்ல முடிவுதான். அதில் இரு கருத்து இருக்கத் தேவையில்லை. கேள்வி, எப்படி நிறுத்துவது என்பதில் இருக்கிறது.

முதலில் வேலை. மின் நிலையம் என்றால் கட்டுப்பாட்டு அறைப் பொறியியலாளர் மட்டும் அல்ல. கரி இறக்கும் துறை, கடத்துப் பட்டை, சாம்பல் அகற்றுதல், துப்புரவு, பாதுகாவல், லாரி என்று குத்தகை நிறுவனங்களின் கீழ் உழைப்போரும் உண்டு. நிரந்தர ஊழியரை நிறுவனம் வேறு நிலையத்துக்கு மாற்றும். குத்தகைத் தொழிலாளியின் ஒப்பந்தம் சத்தமில்லாமல் முடிந்துபோகும். அதை ஆட்குறைப்பு என்றுகூட யாரும் எழுதமாட்டார்கள். காப்பார், மஞ்சோங் போன்ற வட்டாரங்களில் இந்த வரிசையில் நிற்போரில் நம் சமூகத்தினரும் உண்டு என்பதால் இது வெறும் பொதுக் கேள்வி அல்ல.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய காலத்தில் என்ன நடந்தது என்பது இந்த நாட்டுத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். வேலையோடு வீடும் போனது. பால்மரக் கத்தியைத் தவிர வேறொன்றும் பிடித்தறியாத கைகளுக்கு மாற்றுத் தொழில் பயிற்சி பேச்சளவில் நின்றது. அறிவிப்புக்கும் கடைசி நாளுக்கும் இடையில் போதிய காலம் இருந்தும் திட்டமிடாமல் விட்டதன் விலை அது. 2018-இல் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டம் அன்று இல்லாத ஒரு தாங்கல். ஆனால் அது சில மாதங்களுக்கான கைத்தாங்கல், புதிய வாழ்க்கைக்கான வழி அல்ல. காப்பாரின் 2029-க்கு முன், யார் யார், எந்தக் குத்தகையாளரின் கீழ், எத்தனை வயதில், என்ன திறனோடு வேலை செய்கிறார்கள் என்ற கணக்கெடுப்பேனும் பொதுவில் வைக்கப்பட வேண்டும்.

அடுத்து நிலம். நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக் போன்ற நச்சுக் கன உலோகங்கள் இருக்கும். சாம்பல் குளங்களையும் கரிக் கிடங்குகளையும் யார், எந்தக் காலத்துக்குள், யார் செலவில் தூய்மைப்படுத்துவது என்பது கடைசி உலை அணையும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். 1960-இல் பத்து ஆராங்குக்கு அப்படி ஓர் ஏற்பாடு இருந்திருந்தால், அந்த ஊர்க்காரர்கள் இன்று மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று யோசித்து வீடு கட்ட வேண்டியிருக்காது.

மூன்றாவது, எஞ்சியிருக்கும் ஆண்டுகள். 2044 வரை கரிக் கப்பல்கள் வந்துகொண்டுதான் இருக்கும். எந்தச் சுரங்கத்திலிருந்து வாங்குகிறோம், அங்கே பள்ளங்கள் மூடப்படுகின்றனவா, தொழிலாளியின் நுரையீரல் பரிசோதிக்கப்படுகிறதா என்று கேட்கும் உரிமை பெரிய வாடிக்கையாளருக்கு உண்டு. செம்பனை எண்ணெய் வாங்கும் ஐரோப்பியர்கள் நம் தோட்டங்களின் தொழிலாளர் நிலையைப் பற்றிக் கேள்வி கேட்டபோது மலேசியாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கேள்விகளுக்குப் பிறகுதான் பல தோட்டங்களில் குடியிருப்பும் ஆவண நடைமுறையும் சீரடைந்தன. அதே கேள்வியைக் கரி வாங்கும்போது மலேசியா கேட்கலாம்.

நிலக்கரியில் தொழிற்புரட்சியைத் தொடங்கி வைத்த பிரிட்டன், தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை 2024 செப்டம்பர் 30-இல் மூடியது. அங்கே மூடும் தேதி பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்ததால் ஊழியர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்ய அவகாசம் கிடைத்தது. அதே நாட்டில் 1980-களில் சுரங்கங்கள் அவசரமாக மூடப்பட்ட ஊர்கள் இன்றும் வேலையின்மையிலிருந்து முழுமையாக மீளவில்லை. ஒரே நாடு, இரண்டு விதமான முடிவு. வித்தியாசம் திட்டமிடலில் இருந்தது.

மலேசியாவுக்கு இன்னும் ஏறத்தாழ இருபது ஆண்டு அவகாசம் இருக்கிறது. காப்பாருக்கு அவ்வளவு இல்லை. தொழிற்சங்கங்களும், அந்த வட்டாரங்களின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களும், சமூக இயக்கங்களும் கேட்க வேண்டிய நேரம் இதுவே. உலை அணைந்த மறுநாள் கேட்டால், பதில் சொல்ல வேண்டிய நிறுவனமே அங்கு இருக்காது. பத்து ஆராங் மக்களுக்கு நேர்ந்தது அதுதான்.